பாலைவனத்தில் குளிர்காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் கணவரும் ஓஹாயோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. எனப்படும் சக்கர வீட்டில் குடியேறியதையும், குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் தங்கி, சபைகள் வழியாகக் கிடைக்கும் தொண்டு வேலைகளைச் செய்து வருவதையும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஆர்.வி. என்பது சினிமாக்காரர்களின் கேரவன் மாதிரிதானா? தண்ணீர், கழிவறை, சமையல் எல்லாம் எப்படி?
– வாசகி, பாளையங்கோட்டை

கேரவனுக்குச் சொந்தம்தான். ஆனால் அது படப்பிடிப்பு இடைவேளைக்கு, இது குடித்தனத்துக்கு. பஸ் போலத் தானே ஓடுவது, வேனை மாற்றிக் கட்டியது, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுப்பது என்று பல வகை உண்டு. எங்களுடையது ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் டிரக்கின் பின்தட்டில் கொக்கி மாட்டி இழுத்துப் போவது. போய்ச் சேர்ந்த இடத்தில் வீட்டைக் கழற்றி நிறுத்திவிட்டு, டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கும் ஆலயத்துக்கும் போய் வரலாம் என்பதால்தான் இதை வாங்கினோம்.

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. முகாம் இடத்தில் குடிநீர்க் குழாய், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் இருந்தால் கவலையே இல்லை. நடுப் பாலைவனத்தில் இது எதுவும் கிடையாது, கூரை மேல் இருக்கும் சோலார் தகடும் பேட்டரியும்தான் மின்சாரம், தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். தொட்டி நிரம்பியதும் டம்ப் ஸ்டேஷன் என்ற, கழிவைக் கொட்டும் இடத்துக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு, தடித்த குழாயைப் பொருத்தி முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்துவிட வேண்டும். அப்புறம்தான் குளியல் தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர் போகிற போக்கில் குழாயை அலசிவிடும். இந்த வேலையில் அருவருப்புப் பார்ப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சமையல் எல்லாம் நம் ஊர்ச் சமையல்தான். கேஸ் அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது. தண்ணீர்தான் கணக்கு. அரிசி களைந்த தண்ணீரில் காய் கழுவுவேன். மீன் பொரிப்பது மட்டும் வெளியே தனி அடுப்பில், இல்லாவிட்டால் தலையணை வரைக்கும் வாடை ஏறிவிடும்.

தொண்டு என்றால் பிரசங்கமா, கைப்பிரதி கொடுப்பதா? சம்பளம் தருவார்களா? அமெரிக்கர்கள் நடத்தும் அமைப்புகளில் நம் ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்களா? அறுபது தாண்டிய என் வயதில் இதெல்லாம் முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாசரேத்

ஐயா, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில். கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்வார்கள். யுனைடெட் மெதடிஸ்ட் சபையோடு இணைந்த நோமாட்ஸ் என்ற அமைப்பு 1988 முதல் இருக்கிறது, சோவர்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் பெரும்பாலும் எங்களைப் போல ஓய்வு பெற்று ஆர்.வி.யில் அலைகிறவர்கள்தான். ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்புக்கும் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க ஆர்.வி.க்காரர்களின் தனிக் குழு உண்டு. நாங்கள் சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர்கள், அங்கே எந்தச் சபை என்று யாரும் நோண்டிக் கேட்டதில்லை.

சம்பளம் கிடையாது. டீசல் செலவும் நம் கையிலிருந்துதான். வேலை நடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்த இடமும் தண்ணீரும் மின்சாரமும் பெரும்பாலும் அவர்கள் தருவார்கள். ஒரு வேலை பொதுவாக இரண்டு மூன்று வாரம் போகும். தினமும் காலையில் கூடி ஒரு சிறு ஜெபம், வேதவாசிப்பு, அதன் பிறகு கையில் வேலை. பிள்ளைகள் காப்பகம், சபை முகாம், வெள்ளத்திலோ புயலிலோ அடிபட்ட வீடு, இப்படி எங்கே ஆள் தேவையோ அங்கே. பெயின்ட் அடிப்பது, கூரை ஓட்டை அடைப்பது, மின்கம்பி இழுப்பது, திரைச்சீலை தைப்பது, நன்கொடையாக வந்த துணிகளைப் பிரித்து அடுக்குவது.

நான் வாழ்நாள் முழுக்க நர்ஸ். சுவர் வேலை எதுவும் தெரியாது. அங்கே வீட்டு உட்சுவர் எல்லாம் ஜிப்சம் பலகை, இரண்டு பலகை சேரும் இடத்தில் காகித நாடா ஒட்டி, மேலே பசை போல ஒரு சாந்தை அகலக் கரண்டியால் இழுக்க வேண்டும். காய்ந்ததும் தேய்த்துவிட்டு இன்னொரு பூச்சு, அதற்கு மேலும் ஒன்று. கரண்டியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொல்லித் தந்தவர் டெக்சஸில் லாரி ஓட்டிய ஒரு பெரியவர். சுவர் முடிந்து பெயின்ட் அடித்த பிறகு இணைப்பு இருந்த இடமே தெரியாது. யார் செய்தார்கள் என்பதும் தெரியாது, அந்த அறையில் தூங்கப் போகும் பிள்ளைக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2019இல், 95 வயதில், கீழே விழுந்து கண்ணருகே தையல் போட்ட முகத்தோடு நாஷ்வில்லில் ஹேபிடட் வீட்டு வேலைக்கு வந்து நின்றார். ஐயா, நீங்கள் அறுபதுகளில் இருக்கிறீர்கள்.

தேசியப் பூங்காக்களிலும் தொண்டு வேலை உண்டாமே?
– வாசகர், மதுரை

உண்டு. 1970 முதலே இதற்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. முகாம் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆர்.வி.க்காரர்களைத்தான் தேடுவார்கள். வாரத்துக்குச் சுமார் 32 மணி நேரம் என்று பல பூங்காக்களில் கேட்பார்கள், அதற்குப் பதிலாக வண்டி நிறுத்த இலவச இடம். வருகிறவர்களுக்கு வழி சொல்வது, கழிவறை சுத்தம் செய்வது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடுகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுவது எல்லாம் அடங்கும்.

பாலைவனத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மணலும் வெயிலும்தானே? குற்றாலத்தையும் கொடைக்கானலையும் விட்டு அங்கே ஏன் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்?
– வாசகி, தென்காசி

நாங்கள் தங்கும் சொனோரா பாலைவனத்தில் மணல்மேடு அபூர்வம். கல்லும் சரளையும், அதற்கு நடுவே எங்கு பார்த்தாலும் செடி. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், குளிர்காலத்தில் மெல்லிய தூறல், ஜூலைக்கு மேல் இடியோடு கொட்டும் மழை. அதனால்தான் இந்தப் பாலைவனம் இவ்வளவு பச்சையாக இருக்கிறது.

சவாரோ கள்ளியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதேதான். உலகத்தில் இந்தப் பாலைவனத்தைத் தவிர வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. முதல் எட்டு வருஷத்தில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான் வளரும். முதல் பூ பூக்கவே முப்பத்தைந்து வயது ஆகும், முதல் கை முளைக்க ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வருஷம், வறண்ட இடமாக இருந்தால் நூறுகூட ஆகலாம். நல்ல ஐந்து கை வைத்த ஒரு சவாரோவின் பக்கத்தில் நின்றால், அது முளைத்தபோது என் பாட்டியே பிறந்திருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு வரும்.

சிறு சவாரோ தனியாக நின்றால் வெயிலிலும் பனியிலும் செத்துப்போகும். அதனால் பெரும்பாலும் பாலோ வெர்டே என்ற மரத்தின் நிழலில்தான் முளைத்துத் தப்பிக்கிறது. அந்த மரத்துக்குப் பட்டை முழுக்கப் பச்சை. தண்ணீர் இல்லாத காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையாலேயே உணவு தயாரித்துக்கொள்ளும். சவாரோ தண்டில் கீலா மரங்கொத்தி கூட்டுக்குப் பொந்து குடையும். செடி அந்தக் காயத்தைச் சுற்றி மரம் போலக் கெட்டியாக ஓர் உறை கட்டிவிடும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் எல்ஃப் ஆந்தை குடிவரும், உலகத்திலேயே சிறிய ஆந்தை, சுமார் ஐந்து அங்குலம்தான். மார்ச்சில் மெக்சிகோவிலிருந்து வந்துவிடும். செடி செத்து மட்கிய பிறகும் அந்த உறை மட்டும் கிண்ணம் மாதிரி தரையில் கிடக்கும், பழங்குடி மக்கள் அதைப் பாத்திரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று இருந்தது, வெளியே சொரசொரப்பு. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது.

ஜூன் கடைசியில் சவாரோ பழுக்கும். உள்ளே ரத்தச் சிவப்பு. இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான தோஹோனோ ஓதாம் மக்கள், செத்த சவாரோவின் விலா எலும்பு போன்ற நீளக் குச்சிகளைக் கட்டித் துரட்டி செய்து அந்தப் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சுவார்கள். அவர்களுக்கு அதுதான் புத்தாண்டுக் காலம். நாங்கள் அந்த வெயிலில் அங்கே இருக்க முடியாது என்பது எனக்கு ஒரு குறைதான்.

அப்புறம் மழை வாசனை. கிரியோசோட் என்று ஒரு புதர், பார்க்க ஒன்றும் இருக்காது, சின்னச் சின்ன மெழுகு இலை. ஆனால் மழை பெய்தால் அந்த வெளி முழுக்க அதன் வாசனைதான். காய்ந்த நாளில்கூட ஓர் இலையைக் கசக்கி, அதன் மேல் வாயால் ஊதிப் பாருங்கள், அதே வாசனை வரும்.

சகோதரி, காரில் போகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது, நாங்களும் பல வருஷம் அப்படிக் கடந்து போனவர்கள்தான். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் எந்தப் பொந்தில் எந்தப் பறவை என்று பழகும். தொண்டு வேலை எங்களை ஓரிடத்தில் கட்டிப்போட்டதால்தான் பாலைவனத்தைப் பார்க்கவே கற்றுக்கொண்டோம்.

பாம்பு, தேள், திருடன் பயம் இல்லையா?
– வாசகி, கோவை

திருட்டுப் பயம் பட்ட அனுபவம் இல்லை. கிலுகிலுப்பைப் பாம்புகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் வளைக்குள் முடங்கியிருக்கும், வெயில் ஏறும் மார்ச்சில் இருந்துதான் காலடி பார்த்து நடக்க வேண்டும். தேளுக்கு ஊதாக்கதிர் டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று ஒளிரும். செருப்பை உதறாமல் போடாதீர்கள். பையில் ஒரு சீப்பு எப்போதும் இருக்கட்டும். சோய்யா என்ற கள்ளியின் துண்டு லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும், சீப்பைக் கொடுத்து நெம்பி எடுக்க வேண்டும்.

எங்களுக்கு நிஜமான தொல்லை கொடுப்பது எலி. இன்ஜினுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடித்துவிடும். அதனால்தான் பாலைவன முகாம்களில் இரவில் பல டிரக்குகளின் பானெட் திறந்தே இருக்கும்.

உயிருக்கு ஆபத்து தண்ணீரால்தான், இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது கையில் இருக்க வேண்டும். அதே மாதிரி, காய்ந்த ஓடைப்படுகை சமமாக, நிழலாக, வண்டி நிறுத்த வசதியாகத் தெரியும். அங்கே ஒருநாளும் நிறுத்தாதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலே, வெள்ளமாக வந்து சேரும்.

பாலைவனத்தில் மெக்சிகோ எல்லை தாண்டி வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைக்கிறார்களாமே, அது சட்டவிரோதம் இல்லையா? கிறிஸ்தவர்கள் அரசியலில் இறங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஹ்யூமேன் பார்டர்ஸ் என்ற அமைப்பைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டு அரிசோனாவின் டூசான் நகரில் ஓர் ஆலயத்தில் கூடியவர்கள் தொடங்கியது. பாலைவனத்தில் பீப்பாய்களில் தண்ணீர் வைத்து, தூரத்திலிருந்து தெரியும்படி உயரமான கம்பத்தில் நீலக் கொடி கட்டிவைக்கிறார்கள். நில உரிமையாளரின் அனுமதி வாங்கித்தான் வைக்கிறார்கள், ஒளித்து மறைத்து அல்ல. தென் அரிசோனாவில் அதன் பிறகு கண்டெடுக்கப்பட்ட சடலங்களும் எலும்புகளும் ஆயிரக்கணக்கில். பலருக்கு இன்னும் பெயர்கூடத் தெரியாது. எல்லைக் கொள்கையில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம், எங்கள் முகாமிலேயே அப்படித்தான், அதைப் பேசிச் சூடாகிப் போனவர்களும் உண்டு. ஆனால் தாகத்தில் ஒரு மனிதன் சாகும்போது உடம்புக்குள் என்ன நடக்கும் என்பது நர்ஸாக எனக்குத் தெரியும். சிறுநீரகம் நிற்கும், புத்தி பேதலிக்கும், உடுத்தியிருப்பதைக் கழற்றி எறிவார்கள். தாகமாயிருந்தேன், குடிக்கக் கொடுத்தீர்கள் என்று ஆண்டவர் சொன்னதில் குடியுரிமை பற்றி ஒன்றும் இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கே போவீர்கள்? தமிழ்ச் சபை உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பக்கத்தில் எந்தச் சபை இருக்கிறதோ அங்கே. பாலைவனத்துச் சிற்றூர் ஆலயங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை நாற்காலி கிடைக்காது, வெயில் வந்ததும் உள்ளூர்க்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். தமிழ் ஆராதனைக்கு ஏங்குவது உண்மைதான். அதனால் வீட்டு ஜெபம் மட்டும் தமிழில். சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டுக் கீர்த்தனை பாடுவோம், பக்கத்து வண்டிக்காரர்களும் வந்து உட்கார்ந்து தாளம் போடுவார்கள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை மட்டும் நம் ஊரை விட இங்கே எனக்குப் பிடிக்கும். இருட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிழக்கைப் பார்த்து நிற்போம், மலைக்குப் பின்னால் வெளுக்கும்போது பாட்டு தொடங்கும்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் ஆன்ட்டி? உங்கள் பிள்ளைகள் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள்?
– வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

அமெரிக்காவிலேயே இருப்பதால் உங்களுக்கு நேராகச் சொல்கிறேன், உங்கள் பெற்றோருக்கும் உதவும். 65 வயதில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்துவிடும். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் அரசு நேரடியாக நடத்தும் பழைய மெடிகேரில் இருப்பது நல்லது, அதை ஏற்கும் எந்த ஊர் மருத்துவரிடமும் போகலாம். தனியார் வழியாக வரும் அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றுக்குக் குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்கள்தான், அவசரத்தைத் தவிர வேறு ஊரில் சிக்கல். நிரந்தர விலாசத்துக்கு டெக்சஸ், தெற்கு டகோட்டா, ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள், அங்கே மாநில வருமான வரி இல்லை. மருந்துச் சீட்டு, இசிஜி நகல் எல்லாம் ஒரு கோப்பில் போட்டு வாசல் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன், ஆம்புலன்ஸ்காரர் கேட்டதும் எடுக்க.

ஓட்ட முடியாத வயது வந்தால்? எஸ்கேப்பீஸ் என்று 1978 முதல் இயங்கும் ஆர்.வி. சங்கம் ஒன்று டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே வண்டியை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, அதிலேயே வாழ்ந்துகொண்டு, சாப்பாடும் பகல்நேரக் கவனிப்பும் பெற ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். பழகிய கட்டில், பழகிய ஜன்னல், வண்டி மட்டும் நகராது. எங்கள் எண்ணமும் அதுதான்.

பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், மகள் அழுதாள். பேரப்பிள்ளைகள் ஒரு விடுமுறைக்கு வந்து தங்கிய பிறகு பேச்சு மாறிவிட்டது.

மகனைப் பார்க்க விசிட்டர் விசாவில் வருகிறோம். நாங்களும் ஆர்.வி.யில் போய் இந்தத் தொண்டு வேலை செய்யலாமா? எந்த மாதம் நல்லது?
– வாசகர், தூத்துக்குடி

சுற்றிப் பார்க்கலாம், வாடகைக்கு ஆர்.வி. கிடைக்கும், உங்கள் மகன் ஓட்டுவது உத்தமம். வேலை விஷயத்தில் ஜாக்கிரதை. இடத்துக்குப் பதிலாக வேலை என்ற ஏற்பாட்டை அதிகாரிகள் ஊதியமாக எடுத்துக்கொள்ளக்கூடும், விசிட்டர் விசாவில் அதில் இறங்க வேண்டாம், தேவைப்பட்டால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 62 வயதானவர்களுக்கு 80 டாலரில் ஆயுளுக்கும் செல்லும் தேசியப் பூங்கா அட்டை உண்டு என்று எழுதியிருந்தேன். அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான்.

வருவதானால் பிப்ரவரி கடைசி, மார்ச். ஃபீனிக்ஸில் வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே குவார்ட்ஸ்சைட் போங்கள். சின்ன ஊர், ஜனவரி, பிப்ரவரியில் அதைச் சுற்றி ஆர்.வி.க்கள் கடலாக நிற்கும். அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க 1983 முதல் அனுமதி தருகிறார்கள், குறைந்த நாளுக்கும் சீட்டு வாங்கலாம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் பிரமிடு வடிவ நினைவுச்சின்னத்தின் உச்சியில் ஓர் ஒட்டகம் நிற்கும். 1850களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்து சோதித்துப் பார்த்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. அவர் 1902இல் இறந்தார், பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் ஹை ஜாலி என்றே ஊர் அவரைக் கூப்பிட்டிருக்கிறது.

அங்கிருந்து தெற்கே ஆஹோ வழியாக ஆர்கன் பைப் கள்ளிப் பூங்கா. முகாமில் 208 இடங்கள், மின் இணைப்பு கிடையாது, அதனால் ராத்திரி நல்ல இருட்டு, நட்சத்திரம் பார்க்க அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மூன்று ராத்திரியாவது அங்கே தங்குங்கள், ஒன்றோடு கிளம்பிவிடாதீர்கள். கடைசியாக டூசான். கம்பளி எடுத்து வாருங்கள், பகலில் சட்டை போதும், விடியற்காலையில் பல் கிட்டும். ஏப்ரல் பாதிக்கு மேல் வருவதாக இருந்தால் இந்தப் பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.

வண்டி வாங்குவது, பழைய வண்டியில் எதைச் சோதிப்பது என்று வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் என் கணவர் பதில் எழுதுவார்.